வாசல் வழியாக வந்தவன்

ஐந்து வருஷம் கழித்து வந்த புருஷனிடம் அபோண்டி கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டீங்களா?" என்பதுதான். கேள்வியில் பரிவு இல்லை. திகில் இருந்தது. கேட்டுக்கொண்டே அவன் கையிலிருந்த மண்சட்டியைப் பிடுங்கினாள். சட்டியில் பாதிக் களியும் ஒரு மீன் தலையும் மிச்சம் இருந்தன.

"எவ்வளவு சாப்பிட்டீங்க? சொல்லுங்க. எத்தனை வாய்?"

ஒபுயா வாயில் இருந்ததை விழுங்கினான். கெண்டு துறையில் ஏரிக் கப்பலை விட்டு இறங்கி, பட்டாளத்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்திருந்தான். மழை விழுந்து விதைப்புக் காலம். ஊரே காட்டில் இருந்தது. வீட்டில் ஈ காக்கை இல்லை. அடுப்பருகே சட்டி மூடியிருந்தது. தன் வீடு, தன் பெண்டாட்டி ஆக்கிய களி. உட்கார்ந்து சாப்பிட்டான். அதில் என்ன தப்பு என்று அவனுக்கு விளங்கவில்லை.

அவள் சட்டியை வெளியே வீசினாள். கல்லில் பட்டு உடைந்தது. முதுகில் கட்டியிருந்த குழந்தை வீறிட்டது.

"அது யாரு?" என்றான்.

"உங்க புள்ள."

"நான் போயி அஞ்சு வருஷம் ஆச்சு, அபோண்டி. இதுக்கு ரெண்டு வயசுகூட இருக்காது."

"உங்க புள்ளதான். பேரு ஒடேரோ." சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நின்று, சாவு வீட்டில் எடுப்பது போல ஓங்கிக் குரலெடுத்தாள். காட்டில் இருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

வந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். பிறகு வீட்டின் வலப்பக்கம் இருந்த மண்மேட்டைப் பார்த்தார்கள். அந்த மேடு வரும்போதே அவன் கண்ணில் பட்டிருந்தது. யாரோ என்று நினைத்திருந்தான். பசி முந்திக்கொண்டது.

"அது நீதான்," என்றார் பெரியப்பா ஒலால்.

அப்பா செத்த பிறகு அந்த வீட்டுக்கு ஒலால்தான் பெரியவர். யாரையும் வெளியே போ என்று சொல்லாமல் வெளியே அனுப்பத் தெரிந்தவர். ஒபுயாவின் முழங்கையைத் தொடாமல், அவனுக்கு முன்னால் நடந்து, வேலி வாசலைத் தாண்டியதும் நின்றார். அவனும் பின்னாலேயே போய் வாசலுக்கு வெளியே நின்றிருந்தான்.

"சர்க்கார் சீஃபோட ஆளு வந்து சொன்னான், பாலைவனத்துல உன்னைக் காணோம், செத்துத்தான் போயிருப்பேன்னு. உடம்பு இல்ல. உடம்பு இல்லாட்டி யாகோ காய். உன் நீளத்துக்கு ஒண்ணு தேடி நான் அலைஞ்ச அலைச்சல் எனக்குத்தான் தெரியும்."

யாகோ மரத்துக் காய் ஒரு மனிதத் தொடை கனம் இருக்கும். எங்கேயோ செத்து உடம்பு கிடைக்காதவனுக்குப் பதிலாக அதைத் துணியில் சுற்றி, அழுது, புதைப்பார்கள். புதைத்தபின் அவன் புதைந்தவன். ஏரியோடு போன ஒருவனுக்காக ஒபுயாவே வாலிப வயதில் ஒரு காயைச் சுமந்திருக்கிறான். அன்று தோள் வலித்தது. அவ்வளவுதான் ஞாபகம்.

"பெரியப்பா, நான் உயிரோட நிக்கிறேன்."

"நிக்கிறே. நான் இல்லேங்கலை. உன் சாவுக்குக் காளை வெட்டினோம். பொறப்புக்கு ஒரு செம்மறி போதும். பாரு, உன்னால வீட்டுக்கு லாபந்தான்."

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஒலால் முறையைச் சொன்னார். புதைத்தவன் வாசல் வழியாக வரக்கூடாது. பின்வேலிக் கள்ளியை வெட்டி வழி விடுவார்கள். துணியில்லாமல் தவழ்ந்து வர வேண்டும். அம்மா அவனை மறுபடி பெற்றதாக எடுத்துக்கொள்வாள். வேறு பெயர். பிறந்த ஆண் குழந்தைக்கு உள்ளபடி நாலு நாள் அவள் குடிசைக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியே வந்தால் அந்த வீட்டின் கடைசிப் பிள்ளை.

"அபோண்டி?"

"அவ செத்த ஒபுயாவோட பொண்டாட்டி. உன் தம்பி ஒகுமு முறைப்படி அவளை எடுத்துக்கிட்டான். பொறக்குற புள்ளைங்க ஒபுயா பேருக்கு. உன் பேரை அழிய விடலை நாங்க. அதுக்கு நீ நன்றி சொல்லணும்."

ஒகுமு கூட்டத்தின் ஓரத்தில் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் செய்ய மாட்டேன்," என்றான் ஒபுயா.

"நீ ஏற்கெனவே வாசல் வழியா வந்துட்டே. அவ சட்டியில கை வச்சுட்டே. சீரா பிடிச்சா உன்னைப் பிடிக்காது. நீ செத்தவன், உனக்கென்ன? அவங்களைப் பிடிக்கும்."

சீரா என்ற சொல்லுக்குக் கூட்டம் ஓரடி பின்வாங்கியது. முறை மீறின வீட்டில் நுழைந்து உடம்பை உருக்கி எலும்பாக்கும் சாபம் அது. அதன் பெயரையே யாரும் உரக்கச் சொல்வதில்லை.

வாசலுக்கு வெளியே ஓர் அத்தி மரம். ஒபுயா அதன் அடியில் பையை வைத்தான். சின்ன வயதில் தூங்கிய பாயை அம்மா அடோயோ கொண்டுவந்து, எட்டி நின்று வீசினாள். களியை ஒரு இலையில் வைத்துத் தரையில் தள்ளினாள்.

"உன்னை ஒருதரம் பெத்தவ நான். ரெண்டாந்தரம் பெக்க எனக்குக் கசக்குமா? வாடா. பின்பக்கமா வா."

"அம்மா, எனக்கு முப்பது வயசாகுது."

"பெத்தவளுக்கு அது தெரியாதா? வலி எனக்குத்தானே. உனக்கென்ன கொள்ளை?" அவள் சிரிக்கப் பார்த்தாள். அழுதுவிட்டுப் போனாள்.

மறுநாள் ஒகுமு வந்தான். அவன் மட்டும் எட்டி நிற்கவில்லை. பக்கத்தில் குந்தி, புகையிலை நீட்டினான்.

"அண்ணே, நீங்க என்னை நாலு உதை விட்டிருந்தாக்கூட நல்லாருக்கும்."

"எதுக்கு? செய்ய வேண்டியதைத்தான் செஞ்சே."

"அப்ப நீங்களும் செய்யுங்களேன். என்ன, கொஞ்சம் தவழணும். பட்டாளத்துல தவழச் சொல்லலியா?"

ஒபுயாவுக்குச் சிரிப்பு வந்தது. அதனால்தான் சொன்னான். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

பாலைவனத்தில் பிடிபட்டதும் முதலில் இத்தாலிக்காரன் முகாம். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. பிறகு கடல் கடந்து ஜெர்மானியன் முகாம், பனி. மழிக்கப்பட்ட தலை, ஒரு எண். பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. விளக்கணைந்ததும் வெள்ளைக்காரக் கைதிகள் ஜெபம் செய்வார்கள். அவன் வீட்டுக்குப் போவான். இரண்டு கள்ளி மரங்களுக்கு நடுவே வாசல். வலதுபக்கம் அம்மா குடிசை. அம்மா, வந்துட்டேன். நேரே நடந்தால் தன் வீடு. தலை குனிந்து நுழைய வேண்டும், நிலை தாழ்வு. அடுப்பு, சட்டி, அபோண்டி. நடுவில் எங்காவது தப்பினால் மறுபடி வாசலுக்குப் போய் முதலிலிருந்து தொடங்குவான். போய்ச் சேராத இரவுக்கு மறுநாள் எழுந்திருக்க மாட்டோம் என்று ஒரு பயம். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்திருக்காமல் போனார்கள். அவன் எழுந்தான்.

"அந்த வாசல்தான்டா என்னைச் சாக விடலை. இப்ப பின்பக்கமா வான்னா எப்படி வருவேன்?"

ஒகுமு மிச்சப் புகையிலையை மடித்து இடுப்பில் செருகினான். "எனக்குப் புரியுது அண்ணே," என்றான். "ஆனா பெரியப்பாகிட்ட இதைச் சொல்லாதீங்க. புரியாது. புரிஞ்சாலும் புரியாத மாதிரிதான் இருப்பார்."

அபோண்டி அடுத்த நாள் காலையில் வந்தாள். வேலிக்கு உள்பக்கம் நின்றாள். கள்ளிக்கிளைகளுக்கு நடுவே அவள் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது.

"நீங்க செத்ததுக்கு நான் தலை மழிச்சேன். தெரியுமா?"

"தெரியாது."

"ஒரு வருஷம் யார் வீட்டுப் படியும் மிதிக்கலை. அப்புறந்தான் ஒகுமு வந்தான். அவன் நல்லவன். நான் ஒண்ணும் ஓடிப் போகலை."

"நான் உன்னைக் குத்தம் சொல்லலியே."

"சொல்லுங்க! சொன்னா நானும் பதிலுக்கு ஏசுவேன், மனசு ஆறும்." அவள் கிளையை ஒதுக்கினாள். "நீங்க செத்தவரா இருந்தா ஒடேரோ உங்க புள்ள. உயிரோட இருந்தா அவன் யாரு புள்ள? புருஷன் இருக்கும்போது நான் கொழுந்தனுக்குப் பெத்தவன்னு ஆயிடும். எல்லாரும் வாயால பேசலை, கண்ணால பேசுறாங்க. உங்க வாசலா, உங்க புள்ளையா? நீங்களே சொல்லுங்க."

அவன் பதில் சொல்லியிருக்கலாம். அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து வருஷம் பார்க்காத முகம். கேள்வி காதில் விழுந்தும் விழாமலும் போனது.

அந்த வாரமே ஒடேரோவுக்குக் காய்ச்சல் கண்டது.

முதல் நாள் உடம்பு கொதித்தது. அடுத்து நடுக்கம். ஏரிக்கரையில் மழைக்குப் பின் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருவது புதிதல்ல. ஆனால் இந்த முறை யாரும் அதைக் காய்ச்சல் என்று சொல்லவில்லை. பெண்கள் அத்தி மரத்தைக் கடக்கும்போது பேச்சை நிறுத்தினார்கள். அவன் பாய்க்குக் களி வருவது நின்றது.

ஒபுயாவின் பையில் மஞ்சள் மாத்திரைகள் இருந்தன. பட்டாளத்தில் விடுதலையாகும்போது கொடுத்தவை. வாசலில் நின்று ஒகுமுவைக் கூப்பிட்டான்.

"இதைப் பொடிச்சுப் பால்ல கொடு. இல்லாட்டி மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு. இது கொசுக் காய்ச்சல். முகாமுக்கு முன்னாடி எத்தனை பேருக்குப் பார்த்திருக்கேன்."

ஒகுமு கை நீட்டினான். பின்னாலிருந்து ஒலாலின் குரல் வந்தது. "செத்தவன் கையால மருந்தா? சட்டியில கை வச்சது பத்தாதா? ஆஸ்பத்திரிக்காரனுக்குக் காய்ச்சல் தெரியும். இது தெரியுமா?"

ஒகுமுவின் கை நீண்டபடியே நின்றது. பிறகு தாழ்ந்தது.

"பெரியப்பா," என்றான் ஒபுயா, "மாத்திரையைக் கொடுங்க. அது தொண்டையில இறங்கினதை நான் கண்ணால பார்த்ததும் பின்வேலி வழியா வர்றேன். துணியில்லாம வர்றேன். நாய் மாதிரி வர்றேன்."

"முதல்ல நீ வா. பொறந்தவன் கையால எதையும் கொடுக்கலாம்."

"முதல்ல மாத்திரை."

"முதல்ல நீ."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேருக்குமே குழந்தை பிழைக்க வேண்டும். பெரியவர் நம்பியதை அவரால் விட முடியாது. இவனோ, தவழ்ந்து உள்ளே போனபின் மாத்திரையைத் தூக்கி வீசிவிடுவார்கள் என்று நினைத்தான். முகாமில் கற்றது அது. கையில் வாங்காமல் எதையும் விட்டுக்கொடுக்காதே. ரொட்டி வரும் முன் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தவன் பூட்ஸும் இல்லாமல் ரொட்டியும் இல்லாமல் நின்றதை அவன் பார்த்திருக்கிறான்.

அந்தப் பகல் முழுவதும் அப்படியே போனது.

சாயங்காலம் அபோண்டி வாசலுக்கு வந்தாள். இடுப்பில் ஒடேரோ துவண்டு கிடந்தான். கண் பாதி மூடி, வெள்ளை தெரிந்தது. அவள் அழவில்லை. மண்டியிட்டாள்.

"வாங்க," என்றாள். "வேற எதுவும் கேக்கலை. பின்பக்கமா வாங்க."

ஒபுயா சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினான்.

ஆனால் செம்மறி இல்லை. உடம்பில் கறுப்புப் புள்ளியில்லாத செம்மறி வேண்டும். ஒகுமு இருட்டும் முன் கிளம்பி, ஆற்றுக்கு அக்கரை உறவுக்காரன் வீடுவரை போய், மறுநாள் விடிந்து வெயிலேறிய பின்தான் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தான். அவன் காலெல்லாம் சேறு.

கள்ளியை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் பால் வடிந்தது. அதற்குக் குறுக்கே செம்மறியை அறுத்தார்கள். ஒபுயா கையையும் முழங்காலையும் ஊன்றி உள்ளே வந்தான். முதுகில் முள் கீறியது. முதுகில் வேறு தழும்புகளும் இருந்தன. ஊர் அதையும் பார்த்தது. அடோயோ அவன் தலையில் துணியைப் போர்த்தி, கூழில் விரலைத் தோய்த்து அவன் வாயில் வைத்தாள்.

"உன் பேரு ஒடுவோகோ," என்றார் ஒலால். திரும்பி வந்தவன் என்று அர்த்தம். அவர் குரலில் குத்தல் இல்லை. நிம்மதி இருந்தது.

"மாத்திரை," என்றான் அவன். பிறந்ததும் பேசிய முதல் சொல் அது. ஒகுமு வாங்கிக்கொண்டு ஓடினான்.

அவனை அம்மா குடிசைக்குள் கொண்டுபோய்க் கதவை மூடினார்கள்.

உச்சி வெயிலில் அபோண்டியின் வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. அவள் ஒகுமுவை அதட்டினாள். "வாயைத் திற. வாயைத் திறக்கச் சொல்றேன்ல!" பிறகு ஒகுமு, "இறங்க மாட்டேங்குது. வெளிய வந்துடுது." பிறகு அவள் குழந்தையின் பெயரைச் சொன்னாள். ஒடேரோ. ஒடேரோ. ஒடேரோ.

அவன் எழுந்தான். அடோயோ கதவுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

"அம்மா, தள்ளு. எனக்குக் கொடுக்கத் தெரியும். மூக்கைப் பிடிச்சு, நாக்குக்கு அடியில..."

"நாலு நாள்."

"அது சாகுதும்மா."

"நீ வெளிய காலை வச்சா செத்தே போகும். உனக்குக் கும்பிடு போடறேன். இரு." அவள் அவன் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கிழவிக் கை. உதறினால் விடுபட்டிருக்கும்.

அவன் உதறவில்லை.

மழை வந்தது. மழைச் சத்தத்துக்கு மேலே அபோண்டியின் குரல் எழுந்தது. அவன் வந்த அன்று எடுத்த அதே குரல். இந்த முறை நிறுத்தவில்லை.

நாலு நாளும் அவன் குடிசைக்குள் இருந்தான். குழி வெட்டும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது மண்மேட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. ஈரம் காயவில்லை. பெரியதில் ஒரு காய் கிடந்தது, சின்னதில் குழந்தை.

"காலம் தாழ்ந்து போச்சு," என்றார் ஒலால். வேறு சொல்ல வேண்டியது இல்லை. மாத்திரையை நம்பினால் குற்றம் அவனுடையது, ஒரு பகல் பேரம் பேசினான். சீராவை நம்பினாலும் அவனுடையது. எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் அதே முள்.

அபோண்டி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். அவன் வழியில் நின்றிருந்தான்.

"ஒடுவோகோ, தள்ளி நில்லு," என்றாள். வீட்டுக் கடைக்குட்டியிடம் பேசுகிற மாதிரி. அவன் தள்ளி நின்றான்.

அதன் பின் வருஷங்கள் போயின. வெள்ளைக்காரன் போய்க் கொடி மாறியது. ஒலால் போனார், அடோயோ போனாள். அபோண்டிக்கு இரண்டு பெண்களும் ஒரு பையனும் பிறந்தார்கள். மூவரும் முறைப்படி செத்த ஒபுயாவின் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் கேட்டால், "ஒபுயா, போரில் செத்தவர்" என்றார்கள். அவனைச் சித்தப்பா என்று கூப்பிட்டார்கள். அவன் அவர்களுக்கு மீன் பிடித்துக் கொடுத்தான். பையனுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். திரும்பக் கொண்டுவந்ததும் அபோண்டி வீட்டு வாசலில் நின்று குழந்தையைக் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் திரும்புவான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கொடுக்க ஆள் இருந்தது. அவன் கேட்கவில்லை. இரவில் கண்ணை மூடினால் போவதற்கு இடமில்லை. அதனால் பெரும்பாலும் கண்ணை மூடாமல் படுத்திருந்தான்.

ஒகுமு ஒரு வறட்சிக் காலத்தில் நெஞ்சு வலியில் செத்தான். துக்கம் கழிந்ததும், ஒலாலின் பேரன் பெரியவர் இடத்தில் உட்கார்ந்து முறையைப் பேசினான். விதவையை எடுத்துக்கொள்ள அந்த வீட்டில் மிஞ்சிய சகோதரன் ஒருவன்தான்.

"கடைசித் தம்பி ஒடுவோகோ," என்றான். பழைய கதை அவனுக்கும் தெரியும். ஆனால் முறை முறைதான். "சித்தப்பா, வாசல் வழியா போங்க. உங்க கோட்டுச் சட்டையை அவ வீட்டு ஆணியில மாட்டுங்க. அவ போட்டதைச் சாப்பிடுங்க. அவ்வளவுதான்."

"அவ என்ன சொல்றா?"

"சரின்னுட்டா. கொஞ்சம் சிரிச்சா. ஏன்னு தெரியலை."

அவனிடம் பட்டாளத்துக் கோட்டு ஒன்றுதான் இருந்தது, முழங்கை கிழிந்தது. அதைப் போட்டுக்கொண்டு சாயங்கால வெளிச்சத்தில் போனான். இரண்டு கள்ளி மரங்களில் ஒன்று பட்டுப்போயிருந்தது. நடுவே வாசல். வலதுபக்கம் அம்மா குடிசை இருந்த இடத்தில் சோளம். நேரே நடந்தான். தலை குனிந்து நுழைந்தான்.

அபோண்டிக்குத் தலை நரைத்திருந்தது. அவள் அவன் தோளிலிருந்து கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினாள். மடிப்பை ஒருமுறை நீவிவிட்டாள். அடுப்பருகே மணையைத் தள்ளினாள். மண்சட்டியில் களியும் மீனும் வைத்து அவன் முன்னால் நகர்த்தினாள்.

"சாப்பிடு," என்றாள்.

அவன் கையைக் கழுவினான். சட்டிக்கு மேல் கையைக் கொண்டுபோனான். களியில் ஆவி வந்தது. விரல் அதைத் தொடவில்லை. சீராவை அவன் ஒருநாளும் நம்பியதில்லை. அன்றும் நம்பவில்லை. ஆனால் விரல் இறங்கவில்லை. பின்கட்டில் அவள் பேரக்குழந்தை ஒன்று தூக்கத்தில் இருமியது. அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

அபோண்டி அவன் கையைப் பார்த்தாள்.

"தெரியும்," என்றாள். சட்டியை மெதுவாக எடுத்து மூடி வைத்தாள்.

அவன் எழுந்தான். கோட்டை அவள் எடுத்துக் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. வெளியே வந்து, சின்ன மேட்டைச் சுற்றி, வீட்டின் பின்பக்கம் போனான். வேலியில் வழி கிடையாது. அன்று அவன் தவழ்ந்து வர வெட்டிய இடத்தில் கள்ளி வளர்ந்து எப்போதோ அடைத்துவிட்டது. அவன் அங்கேயே நின்றான். வாசல் பக்கம் திரும்பவில்லை. கொஞ்சம் கழித்து இரண்டு கையாலும் கிளைகளை விலக்கத் தொடங்கினான்.